புதன்கிழமைப் பாடத்துக்கு நான் ஆட்டிய தலை

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர். நான், என் தங்கச்சி, அவள் வீட்டுக்காரர், பல் முளைக்கிற காய்ச்சலில் அவர் தோளை விட்டு இறங்காமல் முனகிக்கொண்டிருந்த அவர்கள் குழந்தை. வேறு யாரும் இல்லை. யாருக்காக உட்கார்ந்தோமோ அந்தப் பெண் கருவேப்பிலங்குறிச்சியில் தன் வீட்டில் இருந்தாள். அவளைப் பற்றி இங்கே பேசிக்கொண்டிருப்பதே அவளுக்குத் தெரியாது.

என் தங்கச்சி விருத்தாசலத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூவுக்கு இங்கிலீஷ் எடுக்கிறாள். நான் ஒன்பதாவதோடு நின்றவள். செராமிக் கம்பெனியில் ஃபினிஷிங் வேலை. அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையின் ஓரத்தில் ஒரு கோடு துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு பலகை முடிக்கிற நேரத்தில் நான் முக்கால் பலகைதான் முடிப்பேன். எந்தப் பொம்மையில் மயிரிழை விரிசல் இருக்குமோ, அது சூளைக்குள் போய் வெடித்தால் பக்கத்தில் இருக்கிறதும் போய்விடுமே என்று ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். சூப்பர்வைசர் என்னை ‘டாக்டரம்மா’ என்பார். "ஸ்கேன் எடுத்தாச்சா டாக்டரம்மா, அடுத்த பேஷண்ட பாக்கலாமா?" என்பார். பயம் எனக்குக் கூடப் பிறந்தது. பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானாலே ரோட்டில் இறங்கி எட்டி எட்டிப் பார்ப்பேன்.

தங்கச்சி ஞாயிறுதோறும் அடுத்த வாரத்துப் பாடங்களைத் திட்டம் போட என் வீட்டுக்கு வருவாள். அதற்கென்று நீளமாக ஒரு நோட்டு உண்டு. எந்தக் கிழமை, எத்தனையாவது பீரியட், என்ன பாடம், பிள்ளைகள் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும், வீட்டுப்பாடம் என்ன என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். திங்கட்கிழமை காலையில் பிரின்சிபால் அதில் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து விழுந்துவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. கிளாஸ் ரூமில் கேமரா இருக்கிறது. ஆபீசில் உட்கார்ந்தபடியே யார் எதை நடத்துகிறார்கள் என்று பார்ப்பார்களாம்.

இந்த வேலையில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. நான்தான் பிள்ளைகள். அவள் பாடத்தை எனக்குச் சொல்லிக் காட்டுவாள். எனக்குப் புரிந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு டிக். புரியாவிட்டால் வேறு மாதிரி சொல்லிப் பார்ப்பாள், இல்லை இன்னொரு பீரியட் ஒதுக்குவாள்.

"கடைசி பெஞ்சுக்கு நீதான்க்கா அளவு" என்பாள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, பொய் சொல்லக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் நோட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து வைத்தாள். பள்ளிக்கூடத்து சர்க்குலர். வருகிற சனிக்கிழமை இங்கிலீஷ் டெஸ்ட், நூறு மார்க்குக்கு. முப்பத்தஞ்சுக்குக் கீழே எடுக்கிறவர்கள் அடுத்த திங்கட்கிழமை அப்பா அம்மாவோடு ஆபீசுக்கு வர வேண்டும். இவ்வளவுதான் அதில் இருந்தது.

"வந்தா திட்டுவாங்களா?" என்று கேட்டேன்.

"திட்ட மாட்டாங்க" என்றாள். "டி.சி. குடுத்துடுவாங்க. பிரைவேட்டா எழுதிக்கன்னு சொல்லிடுவாங்க. வாசல்ல நூறு சதவீதம்னு பேனரு கட்டியிருக்குது பாத்தியா, அது இப்படித்தான் நூறு ஆவுது."

அவள் கிளாசில் முப்பத்தஞ்சைத் தொடுவார்களா மாட்டார்களா என்கிற பிள்ளைகள் ஏழு பேர். அதில் ஒருத்தி, கம்பெனியில் எனக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்காருகிறவளின் மகள். பத்தாவது வரை ஊரில் தமிழில் படித்துவிட்டு, நல்ல மார்க் எடுத்ததால் ஆசைப்பட்டு இங்கே சேர்த்தார்கள். கணக்கு, சயின்ஸ் எல்லாம் எப்படியோ சமாளிக்கிறாள். இங்கிலீஷ்தான் உதைக்கிறது. அவள் அப்பா வேப்பூரில் ரோட்டோர ஓட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார். வியாபாரம் குறைந்து ஓட்டலில் ஆட்களை நிறுத்தினார்கள், அதில் அவரும் ஒருத்தர். அந்தப் பெண்ணின் அம்மா என்னை அக்கா என்பாள். நான் ஏம்மா என்பேன். தங்கச்சி பிள்ளைகளின் பேர்களைச் சொல்லிக்கொண்டே வந்தபோது அந்தப் பேரில் அவளை நிறுத்தி, அது என் பக்கத்து ஸ்டூல்காரியின் பெண் என்றேன்.

"இந்த வாரம் ஏழு பேரையும் தூக்கி விட்டுடலாம்க்கா. ஒழுங்கா பிளான் போட்டா முடியும்" என்றாள் தங்கச்சி.

திட்டம் போட்டோம். திங்கள் உரைநடை, பெரிய பத்தியைப் படித்துக் கேள்விக்குப் பதில் எழுதுவது. செவ்வாய் கதை. புதன் கவிதை. வியாழன் லெட்டர் எழுதுவது. வெள்ளி, ஒரு பக்கத்தை மூணில் ஒரு பங்காகச் சுருக்கி எழுதுவது. திங்கள், செவ்வாய் சுலபமாகப் போனது. லெட்டர் எனக்கே தெரியும். யாருக்கு, எங்கிருந்து, என்ன வேண்டும், நன்றி. அதை முதலிலேயே முடித்து டிக் வாங்கிவிட்டேன். சுருக்குவதில் எனக்கு இரண்டு இடம் புரியவில்லை, சொன்னேன். அவள் வேறு மாதிரி சொன்னாள், புரிந்தது. அதுவரைக்கும் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன்.

கவிதையைக் கடைசிக்கு வைத்திருந்தாள். பாடப் புத்தகத்தில் உள்ளது இல்லை. முன்னே பின்னே பார்க்காத ஒரு கவிதையைக் கொடுத்து அதிலிருந்து கேட்பார்களாம். பழக்கத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் யாரோ அடித்துக் கொடுத்த தாள் அது. அவள் தமிழில் சொன்னாள். ‘எல்லாரும் என் மேல நடந்து போங்க, எனக்கு ஒண்ணும் இல்ல’ என்று ஆரம்பிக்கிறது. ராத்திரி மழை. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது. ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்று மறுபடி வருகிறது. காலையில் ஸ்கூல் பிள்ளைகள் பையோடு வரிசையாக வருகிறார்கள். அதோடு நின்றுவிடுகிறது.

"அப்புறம்?" என்றேன்.

"அவ்ளோதான்."

"பிள்ளைங்க தாண்டிச்சா இல்லியா?"

"அத சொல்ல மாட்டாங்கக்கா. நாமதான் நெனச்சுக்கணும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைகளை ஆற்றுக்கு நடுவில் விட்டுவிட்டுப் போகிற கவிதை என்ன கவிதை.

"இதுல ‘நான்’னு பேசுறது எழுதினவரு இல்ல. பாலம். பாலமே பேசுது. அது சொல்றத நாம நம்பக் கூடாது. எனக்கு ஒண்ணும் இல்லன்னு அது திரும்பத் திரும்ப சொல்லுதுல்ல, அதுலயே தெரியணும் அதுக்கு என்னமோ ஆயிடிச்சுன்னு. இதுதான் முக்கியம். புரிஞ்சிச்சா?"

எனக்குப் புரியவில்லை. என் மனசில் பாலத்தைக் கட்டின வயசான இஞ்சினியர் ஒருத்தர் நின்று பேசிக்கொண்டிருந்தார். தாளில் நான் என்று எழுதியிருந்தால் அதை எழுதினவர்தானே நான். எழுதினவர் ஒருத்தர், நான் என்கிறவர் வேறொருத்தர் என்றால் அது எப்படி? அவர் சொல்வதையும் நம்பக் கூடாது என்றால் அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும்? இதை அப்படியே கேட்டிருக்கலாம். கேட்க வாயைத் திறந்தேன்.

அப்போது தங்கச்சி வீட்டுக்காரர் குழந்தையைத் தட்டியபடியே சொன்னார். "அக்காவுக்குப் புரிஞ்சிட்டா எங்க தெரு ஆட்டுக்குட்டிக்குக் கூட புரியும்னு சொல்றது, அதானே பிளானு."

"நீங்க கொழந்தைய பாருங்க" என்றாள் தங்கச்சி.

அவர் கெட்டவர் இல்லை. வாரா வாரம் இப்படி ஏதாவது சொல்வார், நானும் சிரிப்பேன். அன்றைக்கும் சிரித்தேன். சிரித்துவிட்டு, "புரிஞ்சிச்சு" என்று தலையை ஆட்டினேன்.

அவள் டிக் போட்டாள். கவிதைக்கு இரண்டு பீரியட் என்று எழுதியிருந்ததை அடித்து ஒன்று என்று ஆக்கினாள். மிச்சமான பீரியடை லெட்டருக்குக் கொடுத்தாள்.

அந்தத் தலையாட்டல் எனக்குப் புதுசு இல்லை. ஒன்பதாவது முழுக்க அப்படித்தான் ஆட்டினேன். வாத்தியார் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் கிளாசே ஆட்டும். ஆட்டாமல் இருந்தால் எழுந்து நிற்கச் சொல்வார்கள். ஒரு நாள் ஹெட்மாஸ்டர் எங்கப்பாவைக் கூப்பிட்டு, "இத பத்தாவதுக்கு அனுப்பினா ரிசல்ட்டு கெட்டுடும், நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். என் டி.சி. இன்னும் அந்தப் பள்ளிக்கூடத்து பீரோவில்தான் கிடக்கும். யாரும் போய் வாங்கவில்லை.

திங்கட்கிழமை பிரின்சிபால் கையெழுத்துப் போட்டார். தங்கச்சி தினமும் சாயங்காலம் போன் பண்ணி எப்படிப் போனது என்று சொல்வாள். திங்கள் நல்லபடி. செவ்வாய் நல்லபடி. எனக்குத்தான் அந்த நல்லபடி ஒவ்வொன்றும் புதன்கிழமையை இன்னும் ஒரு நாள் கிட்டக் கொண்டுவந்தது. புதன்கிழமை அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது.

"கவிதை ஈசியா போயிடிச்சுக்கா. எல்லாரும் புரிஞ்சிச்சுன்னு தலைய ஆட்டினாங்க."

"ஏழு பேருமா?"

"ஏழு பேரும். உன் ஃப்ரெண்டு பொண்ணு மொத ஆளா ஆட்டுச்சு."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். போனுக்குப் பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. "காய்ச்சல் விடல, வச்சிடறேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை கம்பெனியில் பக்கத்து ஸ்டூல்காரி அன்றைக்கு என்னமோ வாய் ஓயாமல் பேசினாள். "எம்பொண்ணு சொல்லிச்சுக்கா, டீச்சரு இந்த வாரம் தனியா கவனிச்சு சொல்லித் தராங்களாம். இங்கிலீஷு எல்லாம் புரிஞ்சிச்சாம். நேத்து வீட்டுப்பாடம் ஒரு பக்கத்துக்கு எழுதிச்சு. நான் போட்டோ புடிச்சு அவங்கப்பாவுக்கு அனுப்பினேன், பாருங்க."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினேன். அழகான கையெழுத்து. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் படித்துவிடுவேன். முதல் வரியைக் கூட்டி முடித்ததும் மறுபடி ஆரம்பத்திலிருந்து கூட்டினேன். இந்தக் கவிதையில் பேசுபவர் ஒரு வயதான இஞ்சினியர், அவர் நல்ல பாலம் கட்டினார் என்று எழுதியிருந்தாள்.

என் மண்டைக்குள் நின்ற அதே இஞ்சினியர். நான் யாரிடமும் அவரைப் பற்றி மூச்சு விடவில்லை. புரியாத இடத்தில் எல்லாருக்கும் ஒரே ஆள்தான் வந்து நிற்பார் போலிருக்கிறது.

"நல்லா எழுதியிருக்குதில்ல?" என்றாள்.

"டீச்சரு நோட்ட பாத்தாங்களா?"

"அடுத்த வாரம்தான் திருத்துவாங்களாம்."

கையிலிருந்த பொம்மையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. பலகையில் வைத்தேன். பிறகு துணிந்து சொன்னேன். "ஏம்மா, உம்பொண்ணு கிட்ட ஒண்ணு சொல்லு. அந்தக் கவிதைல பேசுறது இஞ்சினியரு இல்ல. பாலம்தான் பேசுதாம்."

அவள் சிரித்தாள். "பாலம் எப்படிக்கா பேசும்?"

"எனக்கும் தெரியல. ஆனா அதான் சரி. சொல்லிடு."

"நீங்க ஒண்ணு. போன மாசம் மோல்டு ரூம் செவுரு சாயுதுன்னீங்க. அதுக்கு முன்னாடி காஸ் லீக்கு ஆவுதுன்னீங்க. பாவம் அது இப்பத்தான் தைரியமா இருக்குது, டீச்சரு சொன்னதையே எழுதட்டும், கொழப்பாதீங்க."

மோல்டு ரூம் சுவர் சாயவில்லை, அது உண்மை. காஸும் லீக் ஆகவில்லை. அத்தனை நாள் வீணாகப் பயந்ததற்கு அன்றைக்கு ஒரே நாளில் கணக்குத் தீர்த்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தங்கச்சிக்குப் போன் பண்ணினேன். அவள் வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம அந்தக் கவிதை எனக்குப் புரியலடி" என்றேன்.

"எது?"

"பாலம். புரியாமலே புரிஞ்சிச்சுன்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணுக்கும் புரியல. நோட்ட பாத்தேன். எல்லாருக்குமே புரிஞ்சிருக்காது."

அந்தப் பக்கம் வேன் ஹாரன் கேட்டது.

"ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி, பாக்குறேன்."

அன்றைக்கு நடந்ததை அவள் பிறகு சொன்னாள். வெள்ளிக்கிழமை பீரியடில் சுருக்கி எழுதுவதைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பாலத்துத் தாளை எடுக்கச் சொல்லியிருக்கிறாள். போர்டில் ‘பேசுவது யார்?’ என்று எழுதிவிட்டுத் திரும்பினால் வாசலில் ஆபீஸ் அம்மா. "மேடம், பிளான்ல இன்னிக்கி சம்மரின்னு இருக்குதாம். என்னா ஏதுன்னு ஆபீஸ்ல கேட்டுட்டு வரச் சொன்னாங்க." கிளாஸே கேமராவைத் தலை தூக்கிப் பார்த்ததாம். போர்டில் எழுதியதை அழித்துவிட்டாள். அவளுக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகவில்லை. நான் அவளைக் குறை சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது.

சனிக்கிழமை டெஸ்டில், பழக்கத்துக்குக் கொடுத்த அந்தப் பாலமே வந்தது. பத்து மார்க். பேசுவது யார், அதை ஏன் நம்பக் கூடாது என்று ஒரு பத்தி எழுத வேண்டும். பேப்பரைத் தங்கச்சி திருத்தவில்லை. அவரவர் கிளாஸ் பேப்பரை அவரவரிடம் கொடுக்க மாட்டார்கள், பக்கத்து செக்ஷன் மேடம்தான் திருத்தினார். ஏழில் நாலு பேர் எப்படியோ முப்பத்தஞ்சைத் தாண்டிவிட்டார்கள். அந்தப் பெண் முப்பத்தொண்ணு. பாலத்துக்கு மட்டும் பத்துக்கு ஒன்று. அதில் பாதி வந்திருந்தால் முப்பத்தஞ்சு.

திங்கட்கிழமை அவள் அப்பா வேலை தேடி வெளியூர் போயிருந்தார். "நீங்க வரீங்களாக்கா, எனக்கு அங்க பேச வராது" என்று அவள் அம்மா கேட்டாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். தங்கச்சியிடம் மட்டும் முன்னாலேயே சொல்லிவைத்தேன், என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே என்று. பிள்ளைகளின் விஷயம் வெளியே பேசப்பட்டது தெரிந்தால் அவள் வேலைக்கும் ஆபத்து.

ஆபீசில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கரஸ்பாண்டன்ட் எழுந்து கும்பிட்டார். "உக்காருங்கம்மா, டீ சாப்பிடறீங்களா?" என்றார். அந்த மரியாதையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பதாவதில் எங்கப்பாவுக்கும் நாற்காலி போட்டார்கள்.

"நல்ல பொண்ணும்மா. ஒழுக்கமான பொண்ணு. அதனாலதான் சொல்றேன். பிரைவேட்டா எழுதட்டும். வூட்ல இருந்து நிதானமா படிக்கலாம், டென்ஷன் இருக்காது."

அந்தப் பெண் சுவரோரம் நின்றாள். நான் அவளை அன்றைக்குத்தான் முதல் முறை நேரில் பார்க்கிறேன். ஒல்லியாக, அம்மா ஜாடையில் இருந்தாள். கதவுக்குப் பக்கத்தில் தங்கச்சி தரையைப் பார்த்தபடி நின்றாள், என்னைத் தெரியாதவள் போல.

"ஏம்மா, டீச்சர் நடத்தினது புரியலியா?" என்று அவர் அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"புரிஞ்சிச்சு சார்" என்றாள் அவள்.

தலையையும் ஆட்டினாள். அவ்வளவுக்கு அப்புறமும் ஆட்டினாள். "இல்ல சார், அதுக்குப் புரியல. எனக்கும் புரியல. திரும்பச் சொல்லிக் குடுத்திருந்தா புரிஞ்சிருக்கும்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் கும்பிட்டுவிட்டு எழுந்தேன்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பஸ் ஏறும்போது அவள் அம்மா கேட்டாள். "பாலம்தான் பேசுதுன்னு உங்களுக்கு யாருக்கா சொன்னது?"

"எந்தங்கச்சி" என்றேன். டீச்சர் என் தங்கச்சி என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. நடந்த எல்லாவற்றையும் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை நான் தலையாட்டியது வரைக்கும். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள். "உங்களயும் என்னா சொல்றது, நானும் சிரிச்சேனே" என்றாள். மறுநாள் கம்பெனியில் அதே பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்தாள். பேச்சுதான் குறைந்துவிட்டது.

அரசாங்கப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான், அந்தப் பெண், அவள் அம்மா மூன்று பேரும் போய்க் கேட்டோம். அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அந்தப் பெண்ணின் பத்தாவது மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "சேத்துக்கறேன். ஆனா பரீட்சைக்குப் பேரு அனுப்புற வேலை நடக்குது, அடுத்த வாரம் வெள்ளிக்கெழமைக்குள்ள டி.சி. வந்தாவணும். அப்புறம் என் கையில இல்ல" என்றார். வெளியே போகச் சொன்ன பள்ளிக்கூடமோ, பழைய ஃபீஸ் பாக்கி கட்டாமல் டி.சி. தராது. பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். அவள் அப்பா எங்கிருந்தோ அட்வான்ஸ் வாங்கி ஐயாயிரம் அனுப்பினார். நான் இரண்டாயிரம் கொடுத்தேன். தங்கச்சி தன் சம்பளத்திலிருந்து மூவாயிரம் கொண்டு வந்து கொடுத்தாள், யார் கொடுத்தது என்று சொல்லக் கூடாது என்று. அந்தப் பள்ளிக்கூடம் கொடுத்த பணம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போனது.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் தங்கச்சி நோட்டோடு வந்தாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நான் புரியவில்லை என்றே சொன்னேன், புரிந்ததற்கும் கூட. அவள் வீட்டுக்காரர் ஒன்றும் ஜோக் அடிக்கவில்லை. இன்றைக்குப் புதன்கிழமை. அந்தப் பெண் வீட்டில் யூனிஃபார்மைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள் என்று அவள் அம்மா மத்தியானம் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. பாக்கி நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.